நுரைக்காரர்

தரையைத் தட்டிப் பார்க்காமல் அவர் எங்கும் நிற்பதில்லை. வங்கி வரிசையானாலும் சரி, மாமனார் வீட்டுக் கூடமானாலும் சரி, முதலில் வலது குதிகாலால் இரண்டு தட்டு. பிறகுதான் வந்த காரியம். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், இப்பதான் உக்காந்தேன்" என்பார். பச்சைப் பொய். சாப்பாடுகூடத் தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டேதான்.

ரயில் பாலத்தை ஒட்டிய மேட்டுக்கு நுரைக் கான்கிரீட் கொட்டும் மேஸ்திரி அவர். கூட வேலை செய்பவர்களுக்கு நுரைக்காரர். அங்கே அடியில் இருப்பது சேற்றுக் களிமண். மேலே மண்ணைக் கொட்டினால் அதன் பாரத்திலேயே மேடு இறங்கிவிடும். அதனால் சிமென்ட் கரைசலில் நுரையைக் கலந்து அடுக்கடுக்காக ஊற்றுகிறார்கள். இறுகிய துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். "மெதக்குது பாருங்க. இதுமேலதான் கூட்ஸ் வண்டி போகணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வராது.

குழாயில் வரும் கலவையை வாளியில் பிடித்து எடை போடுவார். போட்டதையே மறுபடியும் போடுவார். கனம் கூடினால் நுரை செத்துவிட்டது என்று அர்த்தம். கடைசி அடுக்கு ஊற்றிய மாலை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடியும், விடிந்து பார்த்தால் மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். யாரும் சொல்லாமலே அந்த அடுக்கு முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஊற்றவைத்தார். பொறியாளர் சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுவிட்டார். ஜல்லியும் தண்டவாளமும் ஏறின. இவர் மட்டும் தினமும் போய் மேட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரணம் உண்டு. அவர் மனைவி சரக்கு ரயில் ஓட்டுநர். இரும்புத்தாது ஏற்றிய முதல் வண்டியைப் புது மேட்டின்மேல் ஓட்டும் முறை அந்த அம்மாளுக்கே வந்து சேர்ந்தது. டூட்டியை மாற்றிக்கொள்ளும்படி இவர் கெஞ்சிக்கொண்டே வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். அந்த அம்மாள் நிதானமாகத் தலைவாரி முடித்தார்.

"நான் வேணாம்னா வேற யாராவது ஓட்டணும். அவங்களுக்கும் வீட்ல ஆளு இருக்காங்கல்ல?"

அவர் சுவரோரமாகப் போய்த் தரையைத் தட்டிவிட்டு வந்தார்.

"நீங்க போட்டதுங்க. நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்."

"கண்ண மட்டும் மூடிடாத" என்றார்.

வண்டி வரும் காலையில் எல்லோரும் தள்ளி நின்றார்கள். அவர் மட்டும் மேட்டின் பக்கச்சுவரை ஒட்டி இங்கும் அங்குமாக நடந்தார். தூரத்தில் ஹாரன் கேட்டது. அப்பால் வந்துவிடும்படி பொறியாளர் கையைக் காட்டினார். அவர் போகவில்லை. இன்ஜின் பாலத்தைக் கடந்து மேட்டின்மேல் ஏறியபோது, சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு, மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.