நெருப்பில் குளிரும் பெட்டி

கரண்ட் இல்லாத ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் வந்தது. மண்ணெண்ணெயில் வேலை செய்கிற பிரிட்ஜ். கீழே விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் மேலே குளிரும். முதலில் கேட்டபோது பகிடி என்றுதான் நினைத்தேன்.

சண்டைக் காலம். அப்போது நாங்கள் மல்லாவிப் பக்கம் இருந்தோம். நான் தோட்டம் செய்தேன். மிளகாய். என் மனிசிக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடாமல் இருக்க ஏலாது. மருந்து வவுனியாவில் இருந்து ஆரும் கொண்டு வந்தால்தான் உண்டு. அது குளிரில் இருக்க வேண்டிய மருந்து. நாங்கள் மண்சட்டியில் ஈரமணல் போட்டு அதற்குள் புதைத்து வைத்தோம். மாரியில் அது போதும். சித்திரை வெயிலில் போதவில்லை. மருந்து பழுதாகிவிட்டது. தெரியாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தப்ப வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இருந்த மருந்தில் ஊசி போட்டு வந்தேன். அங்கே இருந்த நேர்ஸ் நல்லவ. ஒளிக்காமல் சொன்னா.

“அண்ணை, எங்களிட்டயும் முடியப்போகுது. வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிப்பன். பிறகு நீங்கள்தான் பாக்கோணும்.”

மனிசியின் தமக்கை வெள்ளிக்கிழமை வவுனியாவில் இருந்து மருந்தோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தா. மருந்து வரும். வைக்க இடம் இல்லை. எங்களுக்கு இருந்த பிரச்சினை அது ஒன்றுதான்.

பக்கத்து வளவில் ஒரு ரீச்சர் இருந்தா. அந்தக் கிழமை அவவுக்கு வவுனியா போகப் பாஸ் கிடைத்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்தா. உதவிக்குப் போனேன். அறைக்குள் வெள்ளைப் பெட்டி ஒன்று நின்றது.

“ரீச்சர், உது பிரிட்ஜோ?”

“ஓம். மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ். வீட்டுச் சொந்தக்காரர் விட்டிட்டுப் போனது.”

“வேலை செய்யுமோ?”

“ஆருக்குத் தெரியும்? நான் உதுக்குள்ள புத்தகம்தான் வைச்சிருக்கிறன். கறையான் ஏறாது பாருங்கோ.”

பெட்டியின் கதவைத் தொட்டுப் பார்த்தேன். ரீச்சர் என் முகத்தைப் பார்த்தா.

“உங்கட மனிசிக்குத்தானே? கொண்டுபோங்கோ. வீட்டுக்காரருக்கு நான் சொல்லுறன்.”

மனிசியின் தம்பி லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுகிறவன். அதன் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ரோட்டெல்லாம் குழி. நிமிர்த்தி வைத்தால் சரியும் என்று படுக்க வைத்துக் கட்டினோம். அது பிழை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

வீட்டில் இறக்கித் துடைத்தோம். அடியில் எண்ணெய்த் தாங்கி. அதன்மேல் வட்டத் திரி. திரியை ஏற்றி இறக்க முன்பக்கம் ஒரு திருகு. விளக்கைக் குனியாமல் பார்க்கக் குட்டிக் கண்ணாடி ஒன்றும் வைத்திருந்தார்கள். பின்பக்கம் புகைபோக்கி, வளைந்து வளைந்து போகிற குழாய்கள்.

எண்ணெய் என்னிடம் இருந்தது. மிளகாய்க்கு இறைக்கிற பம்புக்கு வைத்திருந்தது. மிளகாய் பூத்து நின்றது. மனிசி எண்ணெய்க் கானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பூ கொட்டிப்போம்,” என்றாள்.

“கொட்டட்டும்,” என்றேன். ஊற்றினேன்.

பற்ற வைத்தோம். மூன்று பேரும் முன்னால் குந்திக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சுட்டது. நல்லது என்று நினைத்தேன். பின்னேரம் கதவைத் திறந்து கையை விட்டேன். வெளியில் இருந்ததைவிட உள்ளே வெக்கை.

தம்பியன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

“அத்தான், கோழிமுட்டை இருந்தால் தாங்கோ. நாளைக்குக் குஞ்சு.”

“வாயைப் பொத்தடா,” என்றாள் மனிசி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியால் வந்ததும் விளக்கை நூர்த்துவிட்டுக் கழற்றத் தொடங்கினேன். பம்பு கழற்றின கை. பிரிட்ஜ் தெரியாது. என்றாலும் எரிகிறது எதுவும் புகை போக வழி கேட்கும். அது தெரியும். புகைபோக்கிக்குள் ஒரு முறுக்குத் தகடு தொங்கியது. இழுத்தேன். கரி கொட்டியது. முகமெல்லாம் கரி. தென்னோலை ஈர்க்கைக் கட்டாகக் கட்டிக் குழாயை உரஞ்சினேன். திரியின் முனை கருகி இருந்தது. வெட்டிச் சரிசெய்தேன். பிறகு எரிய விட்டால் வட்டமாக நீலம். வடிவான நெருப்பு.

பெட்டி குளிரவில்லை.

பிறகு ஒரு தட்டில் தண்ணீர் விட்டு உள்ளே வைத்தேன். தண்ணீர் ஒரு பக்கம் ஓடி நின்றது. எங்களுடைய தரை சாணி மெழுகின தரை. கழுவினால் தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று சரிவாகத்தான் போட்டிருந்தேன். நானே போட்டது. பனஞ்சிலாகைத் துண்டுகளைக் கால்களுக்குக் கீழே செருகினேன். தட்டுத் தண்ணீர் நேரானது.

அப்போதும் குளிரவில்லை. குழாயின் அடி கொதித்தது. மேல் குழாய் பச்சைத் தண்ணீர்போல இருந்தது. சூடு மேலே போகவில்லை. எங்கேயோ மறித்து நிற்கிறது.

தம்பியன் வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

“நிமித்தி வைச்சுப் பாத்தாச்சு. படுக்க வைச்சும் கொண்டந்தாச்சு. இனிக் கவிட்டு வைச்சுப் பாருங்கோவன்.”

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். எனக்கு அப்படியே பிடித்துக்கொண்டது. பம்புக் குழாய்க்குள் காற்று அடைத்தால் என்ன செய்வோம்? சரித்து எடுத்தால் காற்று போய்விடும். நாங்கள் இதைப் படுக்க வைத்துக் குழிக்குழியாகக் குலுக்கிக்கொண்டு வந்தவர்கள். உள்ளே இருக்கிறது இடம் மாறிப்போய் நிற்கும்.

“பிடியடா,” என்றேன்.

“என்ன அத்தான், உண்மையாவோ?”

“பிடி.”

“அக்கா, உங்கட மனிசனுக்கு வெயில் பிடிச்சிட்டுது.”

தாங்கியைக் கழற்றி வைத்தோம். கீழே சாக்கு விரித்தோம். இரண்டு பேருமாகப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தோம். கவிழ்த்ததும் உள்ளே இருந்து சத்தம் வந்தது. களக், களக், களக். தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்ததுபோல. தம்பியன் பெட்டியில் காதை வைத்தான்.

“அத்தான், உதுக்குள்ள உயிர் கிடக்கு!”

விடியும் மட்டும் அப்படியே விட்டோம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னம் நிமிர்த்தி வைத்தோம். திரும்பவும் களக், களக். வந்த பிறகு பற்ற வைத்தேன். இந்த முறை ஒருவரும் குந்திக்கொண்டு இருக்கவில்லை. எல்லாரும் வேலை இருக்கிற மாதிரித் திரிந்தோம். திரிந்து திரிந்து பெட்டிக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றோம்.

மத்தியானம் மேல் குழாயைத் தொட்டேன். சுட்டது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன். கை சுட்டுச் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

பின்னேரம் மனிசி கதவைத் திறந்து மேல்தட்டில் விரலை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

“இஞ்சேருங்கோ.”

“என்ன?”

“இஞ்ச வாங்கோவன்!”

ஓடினேன். குளிர். கிணற்றடிக் கல்லைக் காலையில் தொட்டதுபோல. தம்பியன் என்னைத் தள்ளிவிட்டுக் கையை விட்டான். “ஐயோ, ஐயோ,” என்று துள்ளினான். கதவைச் சாத்தவே விடவில்லை. “சாத்தடா, குளிர் ஓடப்போகுது,” என்று மனிசி அவன் முதுகில் போட்டாள்.

அடுத்த நாள் காலை திறந்தேன். குளிர் இல்லை.

குட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நெருப்பு பாசிமணி அளவில் நின்றது. திரியை ஏற்றினேன். மத்தியானம் திரும்பக் குளிர்ந்தது. பின்னேரம் பார்த்தால் திரும்பவும் பாசிமணி. ஏற்றினேன். பொழுதுபட முன்னம் இறங்கி நின்றது.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்று தாங்கியை ஊற்றிப் பார்த்தேன். இல்லை. திரி வழுக்குகிறது என்று திருகை இறுக்கினேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

“பேய்தான்,” என்றான் தம்பியன். “பழைய வீட்டுக்காரன்ர பேய். அவர் கஞ்சனாம்.”

பேயோ என்னவோ, வியாழக்கிழமை வந்துவிட்டது. அடுத்த நாள் மருந்து வரும். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வாசலுக்குள் பெட்டி தெரியும். மனிசி உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு பெட்டியடிக்கு வந்தாள். வலது கையில் விளக்குமாறு. இடது கை கீழே போனது. திருகைப் பிடித்துத் திருகியது. கை மேலே வந்தது. அவள் கூட்டிக்கொண்டே போய்விட்டாள். அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

முகத்தில் தண்ணீரோடு அப்படியே நின்றேன்.

அந்த வருசங்களில் எங்கள் எல்லாருக்கும் அந்தக் கை இருந்தது. எண்ணெய் கிடைக்காது. கிடைத்தால் துளி துளியாகத்தான் எரிப்போம். சாப்பிட்டு முடிந்தால் திரியை இறக்கு. ஆரும் வந்தால் ஏற்று, போனால் இறக்கு. விளக்கைத் தாண்டிப் போகிற எவரும் இறக்காமல் போனது கிடையாது. சாமி விளக்கையும் இறக்குவார்கள்.

உள்ளே போனேன்.

“என்ன செய்தனீர் இப்ப?”

“கூட்டினனான்.”

“கூட்டேக்க?”

“கூட்டேக்க என்ன? கூட்டினனான்.”

“திரியை ஆர் இறக்கினது?”

“நான் ஏன் இறக்கிறன்? என்ர மருந்துக்கெல்லோ எரியுது.”

கையைக் காட்டினேன். இடது கை விரலில் திருகின் கரி இருந்தது. அவள் விரலைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். வாயிலும் கரி. அப்படியே நிலத்தில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால் தண்ணீர் ஓடும் மட்டும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் அப்படிச் சிரிக்கிறவன் இல்லை.

தம்பியன் வந்து கேட்டுவிட்டுத் திருகைக் கம்பியால் சுற்றிக் கட்டினான்.

“அக்கா, பேய் எண்டு சொன்னனான்தானே. பிழை இல்லை.”

“போடா மூதேசி.”

பிறகும் அவள் போகிறபோது கை போகும். கம்பியில் இடிபடும். “சீ,” என்று கையை உதறிக்கொண்டு போவாள்.

வெள்ளிக்கிழமை காலை மேல்தட்டில் வைத்த பேணித் தண்ணீர் கல்லாகிவிட்டது. ஐஸ். தம்பியன் பேணியைக் கவிழ்த்துத் தட்டி, கட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். “ஐஸ்! ஐஸ்!” என்று கத்தினான். சந்தைக்குப் போன சனம் சைக்கிளை விட்டு இறங்கியது. ஐஸ் கண்டு எத்தனை வருசம். ஆளுக்கு ஒருக்காத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் நெற்றியில் வைத்தார். அவன் திரும்பி வந்தபோது கையில் தண்ணீர்தான் இருந்தது. அதையும் மனிசியின் கழுத்தில் பூசினான். அவள் கூவினாள்.

மத்தியானம் மனிசியின் தமக்கை வந்து சேர்ந்தா. மருந்தைச் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கில் ஐஸ் போட்டு வைத்துக் கொண்டு வந்திருந்தா. வழியில் சோதனைக்கு மறித்து மறித்து நேரம் போய், ஐஸ் எப்பவோ கரைந்துவிட்டது.

“கெதியாய் வையுங்கோ. எங்க வைக்கிறது? கிணத்துக்கையோ?” என்று கேட்டா.

கதவைத் திறந்து காட்டினோம். அவ அப்படியே கதிரையில் குந்திவிட்டா.

தம்பியன் மருந்துப் போத்தல்களை எடுத்து மேல்தட்டுக்குக் கொண்டுபோனான். மனிசி கையைப் பிடித்தாள்.

“விசரா உனக்கு? ஐஸ் பிடிச்சால் அதுவும் பழுது. நேர்ஸ் எத்தினை தரம் சொன்னவ.”

எனக்கே அது நினைவில்லை. இவ்வளவு நாளும் குளிர வேண்டும் என்று நின்றோம். கூடக் குளிர்ந்தாலும் மருந்து கெடும். மனிசி போத்தல்களைத் துவாயில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கிளாசில் தண்ணீர் வைத்தாள். அது உறைந்தால் இதுவும் உறையும் என்பது அவளுடைய கணக்கு. விடிய எழும்பி முதல் வேலையாகக் கிளாசில் விரலை விட்டாள்.

“தண்ணிதான்,” என்றாள். “நல்ல குளிர்த் தண்ணி.”

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டில் அவளே ஊசி போட்டாள்.

ஒரு கிழமை கழித்துப் போனோம். மருந்து சரியாக வேலை செய்கிறதோ என்று பார்க்க. அந்த நாளில் மூத்திரத்தை நீலத் தண்ணீரில் விட்டு, கண்ணாடிக் குழாயில் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். சீனி கூடினால் செங்கல் நிறம் வரும், குறைந்தால் பச்சையோடு நிற்கும். விழுந்த அன்றைக்குச் செங்கல்லைவிடச் சிவப்பாக வந்தது.

நேர்ஸ் குழாயைக் கிடுக்கியால் பிடித்துச் சூடு காட்டினா. கொதித்தது. மனிசி என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறம் மாறத் தொடங்கியது. நீலம் மங்கியது. பச்சை வந்தது. பச்சையிலேயே நின்றது.

“பச்சை!” என்றா நேர்ஸ். “அம்மா, உங்கட மருந்து நல்லாய் இருக்கு. எங்க வைச்சிருக்கிறியள்?”

மனிசி குழாய் ஆறும் மட்டும் நின்றாள். ஆறினதும் கையை நீட்டி வாங்கி யன்னலடிக்குக் கொண்டுபோனாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

“அம்மா, உது மூத்திரம். இஞ்ச தாங்கோ.”

“பொறுங்கோ பிள்ளை,” என்றாள். இன்னொருக்காப் பிடித்துப் பார்த்தாள்.