தோளுக்கு முன்னால் விழுந்த பின்னல்

பிரசவ வார்டின் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு அத்தை உள்ளே வந்தார். ஒரு கையில் என் துணிப்பை, இன்னொரு கையில் நனைந்த குடை. வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்துக்குக் கீழே பார்த்தார். என் பின்னல் வலது தோளைத் தாண்டி மார்பின் மேல் கிடந்தது. மல்லாந்து படுக்கும்போது முதுகுக்கு அடியில் மாட்டக் கூடாது என்று சற்றுமுன் ஒரு தாதி தளரப் பின்னி முன்பக்கம் எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அத்தையின் கையிலிருந்து பை நழுவியது. அவர் எதற்காக வெளிறிப்போனார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் இருவரைத் தவிர அந்த மருத்துவமனையில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அதுவரை என் இரத்த அழுத்தத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். அதன்பிறகு என் தலைமுடியை நினைத்தும் பயந்தேன்.

அத்தை என்பது என் கணவரின் தாயார். திருமணமாகி சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்கில் உள்ள கெலுகோர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த புதிதில், அவர் இருமினால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் குலுங்கினால் பயம், நாய் குரைத்தால் பயம், மேலதிகாரி 'கொஞ்சம் வந்துட்டுப் போங்க' என்றால் பயம். அத்தையோ ஓர் இடைநிலைப் பள்ளியின் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு பார்வை பார்த்தால் தலைமையாசிரியரே சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாராம். அப்படிப்பட்டவர், ஊரிலுள்ள மாமியார்களெல்லாம் தமிழ்ச் சீரியல் பார்க்கிற நேரத்தில், வரவேற்பறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, நீலத் தலைமுடிக்காரப் பையன் ஒருவன் வாளைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்ட்டூனா அத்தை?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

டிவியை நிறுத்தினார். "கார்ட்டூன் இல்லம்மா, அனிமே. ஜப்பான் படம். கார்ட்டூன்ல விழுந்தவன் எழுந்திருச்சிடுவான். இதுல எழுந்திருக்க மாட்டான்."

அதற்கப்புறம் பல நாள் அந்த டிவி இருக்கும் பக்கமே நான் போகவில்லை.

இந்தப் பித்து அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதைக் கணவர்தான் சொன்னார். பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் பையன்களிடமிருந்து பறிக்கும் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள், மலாய் மொழியில் அச்சானவை, அத்தையின் மேசை இழுப்பறைக்குத்தான் வந்து சேருமாம். பிள்ளைகள் அப்படி என்ன கண்றாவியைப் படிக்கிறார்கள் என்று பார்க்க, ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைத் திறந்திருக்கிறார். அது ஆறாவது பாகம். சரியான இடத்தில் முடிந்துபோயிற்று. ஏழாவது பாகம் வேண்டுமென்றால் அந்தப் பையன் மறுபடி பிடிபட வேண்டும். "அவன் எப்படா மாட்டுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அந்த மடையன் திருந்திட்டான்" என்று பிற்பாடு அவரே என்னிடம் சொல்லி அலுத்துக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினாராம்.

அத்தைக்கு அபிப்பிராயங்கள் கிடையாது. தீர்ப்புகள்தான். சண்டைக் கதைகளில் அடிக்கப் போகிறவன் அடியின் பெயரை உரக்கக் கத்திவிட்டு அடிப்பது அவருக்கு ஆகவே ஆகாது. "பேரச் சொன்னதுமே எதிராளி நகர்ந்துக்க மாட்டானா லா?" லாரியில் அடிபட்டுச் செத்து, வேறோர் உலகத்தில் மாவீரனாகப் பிறக்கும் கதைகளை அவர் தொடவே மாட்டார். "ரோட்டப் பார்த்து நடக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு ராஜ்யம்?" ராட்சத இயந்திர மனிதர்கள் ஊரைக் காப்பாற்றும் கதைகளில், அவை மிதித்து நொறுக்கிய கட்டடங்களை யார் கூட்டிப் பெருக்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. பள்ளிச் சிறுமிகளைக் கண்ட கோணத்தில் காட்டினால் அந்தத் தொடருக்கு அன்றோடு முழுக்கு. சமையல் தொடர்கள்மேல் மட்டும் தனி மரியாதை. பார்த்துவிட்டு அதேபோல் முட்டையைப் புரட்டிப் போடப் போய், இரண்டு சட்டியைக் கருக்கியிருக்கிறார். எனக்குப் பிடித்தவை பள்ளிக் காதல் கதைகள் என்று தைரியம் வந்து ஒருநாள் சொன்னேன். "இவனுங்க கையப் புடிக்கிறதுக்குள்ள எனக்குப் பென்ஷனே நின்னுபோயிடும்" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து முதன்முதலாகப் பயப்படாமல் இருந்தேன்.

ஏழாம் மாதத்தில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். வேலைக்குப் போகாமல் படுத்தே இருக்க வேண்டும், தலைவலி வந்தாலோ கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் புள்ளிகள் பறந்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். பயந்தாங்கொள்ளியிடம் இப்படிச் சொல்லலாமா? அன்றிலிருந்து என் தலையை நானே ஒட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஜன்னல் கம்பியில் வெயில் பட்டு மின்னினால் கண்ணை மூடித் திறந்து பார்ப்பேன். குழந்தை அசையாத நேரமெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்தேன். மூன்றாம் நாள் அத்தை என் மெத்தையை வரவேற்பறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "தனியா படுத்தா தலையவே நினைச்சுக்கிட்டு கிடப்ப. இதைப் பாரு."

அப்படித்தான் நாங்கள் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தோம். கைப்பந்துத் தொடர் ஒன்றில் மேலே போன பந்து கீழே வரவே ஓர் எபிசோட் ஆகும். இது சுத்தப் பொய் அத்தை என்றேன். "பொய் இல்லம்மா. பயந்துக்கிட்டே பார்க்கிறவனுக்குப் பந்து அப்படித்தான் வரும்" என்றார். நீண்ட தொடர்களில் நடுநடுவே கதை நகராத எபிசோட்கள் வரும், எல்லோரும் கடலுக்குக் குளிக்கப் போவார்கள், யாருக்காவது சளி பிடிக்கும். ரசிகர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். அத்தை ஒன்றுவிடாமல் பார்ப்பார். அதில் யாரும் சாக மாட்டார்கள், அதுதான் காரணம். எனக்கும் அவைதான் பிடித்தன. அந்த அரைமணி நேரம் என் தலையை நான் மறந்திருப்பேன்.

அவர் அடித்துச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. கதாநாயகனின் சிறுவயது நினைவில் ஓர் அம்மா வருவாள். சிரிப்பாள், சோறு போடுவாள், பிள்ளையின் தலையைத் தடவுவாள். அவள் தன் முடியைத் தளரக் கட்டி ஒரு பக்கத் தோளுக்கு முன்னால் விட்டிருந்தால் அவள் பிழைக்க மாட்டாள். அனிமே பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும், சொல்லிச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள். அப்படி ஓர் அம்மா திரையில் வந்ததும் அத்தை, "போச்சு, முடிய முன்னால போட்டுட்டா. இவ தாங்க மாட்டா" என்பார். ஒருமுறைகூட அது தப்பியதில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த அம்மா சாகிற கட்டம் வரும்போது அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். தேநீர் போடப் போகிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தட்டின் மேல் வெளிச்சப் புள்ளிகள் பறந்தன. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. "அத்தை" என்று மட்டும்தான் கூப்பிட முடிந்தது. வாடகைக் காரில் நல்ல மழைக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே அறுவை செய்து குழந்தையை எடுக்க வேண்டும், தாய்க்கும் ஆபத்து இருக்கிறது என்றார்கள். கணவருக்குப் போன் செய்தோம். அவர் விமானத்துக்கு ஓடினார். அத்தை துணிமணி எடுக்க வீட்டுக்குப் போய்த் திரும்பிய இடைவெளியில்தான் அந்தத் தாதி என் முடியைப் பின்னி முன்னால் போட்டது.

"யாரு இப்படிக் கட்டுனா?" என்று கேட்டார். பள்ளி அலுவலகத்துக் குரல் காணாமல் போயிருந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டு என் பின்னலைப் பிரிக்கத் தொடங்கினார். அவசரத்தில் இழுக்கப்போய், ரப்பர் வளையம் முடியோடு சிக்கிக்கொண்டது. தாதி ஓடிவந்தார். "தாக் அப்பா லா ஆன்ட்டி", பரவாயில்லை, எப்படியும் மேலே தொப்பி போட்டு மூடிவிடுவோம் என்று மலாயில் சமாதானப்படுத்தினார். அத்தை காதிலேயே வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிறவர், என் அம்மா கட்டி அனுப்பிய கறுப்புக் கயிற்றைப் பார்த்து, "கடவுளுக்குக் கயிறு வேணுமா?" என்று கேட்டவர், ஜப்பானில் யாரோ வரைந்த ஒரு முடிக்கட்டுக்கு இப்படிப் பதறினார்.

"அது வெறும் படம்தானே அத்தை" என்றேன். எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டதுதான்.

அவர் குனிந்து என் காதருகே சொன்னார். "எங்கம்மாவையும் இப்படித்தான் நிக்க வச்சுப் படம் புடிச்சிருந்தாங்க."

வீட்டு வரவேற்பறைச் சுவரில், இயேசுவின் திருவுருவத்துக்குக் கீழே, அந்தப் படம் மாட்டியிருந்தது. கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள், சடையின் நீளமும் பூவும் படத்தில் விழ வேண்டும் என்று, அதைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டு நிற்கச் சொல்வார்கள். அத்தைக்கு நான்கு வயதிருக்கும்போது, தம்பியைப் பெற்ற அன்றே அந்த அம்மா இறந்துபோனார். அம்மா என்று அத்தைக்கு மிஞ்சியது அந்தப் படம்தான். நான் அதைத் தினமும் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் எனக்கு இது உறைத்ததில்லை. ஒவ்வொரு தொடரிலும் தன் அம்மாதான் திரும்பத் திரும்பச் செத்தாள் என்பதால் அத்தை அடுப்படிக்குப் போயிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. என்ன நடந்தாலும் அத்தை கலங்க மாட்டார் என்று நம்பி, அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கட்டிலில் கிடந்தேன். அவரே பதறுவதைப் பார்த்ததும் நான் பிழைக்க மாட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். என் குழந்தையும் ஒரு படத்தைப் பார்த்து வளரும் என்று நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

அத்தை என் முடியை இரண்டாக வகிர்ந்தார். இரண்டு பக்கமும் சடை பின்னி, தாதியிடம் கட்டுத்துணி வாங்கிக் கிழித்து நுனியில் முடிச்சுப் போட்டார். "ரெட்டைச் சடைக்காரி சாக மாட்டா. கடைசி எபிசோட் வரைக்கும் எல்லாரையும் திட்டிக்கிட்டே திரிவா. நீயும் திட்டு. என்னையவே திட்டு" என்றார். தள்ளுகட்டில் நகரத் தொடங்கியும் அவர் ஒரு சடை நுனியை விடவில்லை. முப்பது வயதைத் தாண்டியவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல ரெட்டைச் சடையோடு அறுவை அறைக்குள் போனேன். சீனப் பெண் மருத்துவர் ஒருவர் சடைகளைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்குப் பதிலுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. முகமூடியை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னபோது இழுக்கப் பயமாக இருந்தது.

மறுநாள்தான் கண்விழித்தேன். நிறைய இரத்தம் போயிருந்தது என்றார்கள். மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள், கைப்பிடி அளவுதான் இருந்தாளாம். அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பசிக்குதா?" என்றார். முந்தைய நாளைப் பற்றி அவர் பேசவில்லை. அப்புறம் எப்போதும் பேசியதில்லை.

சென்ற ஆண்டு அத்தை காலமானார். மாரடைப்பு. பாதி பார்த்த தொடர்கள் நிறைய இருந்தன. நான் அவற்றைத் திறக்கவில்லை. என் பயம் என்னை விட்டுப் போகவுமில்லை. அலுவலகத்தில் யாராவது முடியைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டால் இன்றைக்கும் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். காரணம் சொன்னால் சிரிப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டில் ஒரு நரிக்குட்டி வழி தவறிவிடுகிறது. மகளுக்கு ஐந்து வயதாகிறது, பயத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள். "நரிக்குட்டி செத்துடுமாம்மா? கடைசிய இப்பவே சொல்லு" என்று பிடுங்கினாள். சொல்லக் கூடாது, பாட்டி இருந்தால் திட்டுவார்கள் என்றேன். அது உண்மை. முடிவை முன்கூட்டிச் சொல்கிறவர்களை அத்தை மன்னிப்பதே இல்லை. அப்படிச் சொல்லிவிட்ட ஓர் உறவுக்காரப் பையனோடு ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேசாமல் இருந்தவர்.

துணி மடித்துக்கொண்டிருந்த என் கணவர், "அம்மாவும் ஒரு தடவ கடைசிய முதல்ல கேட்டிருக்காங்க" என்றார். இப்போது அவர் பினாங்கிலேயே வேலை பார்க்கிறார். என்னிடம் சொல்லக் கூடாது என்று அத்தை அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். மகளைப் பார்த்துக் கதை சொல்வது போலச் சொன்னார். அவர் விமானத்திலிருந்து இறங்கி ஓடிவந்து அறுவை அறை வாசலில் நின்றபோது மருத்துவர் வெளியே வந்திருக்கிறார். எப்போது அழுத்தம் ஏறியது, எங்கே இரத்தம் நிற்கவில்லை, எத்தனை பை ஏற்றினோம் என்று முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பாட்டி மருத்துவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாராம். அந்த மருத்துவருக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட நினைவில்லாமல் தமிழிலேயே கத்தினாராம். "கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்க டாக்டர். கடைசிய முதல்ல சொல்லுங்க. என் மருமக இருக்காளா?"

மகள் நரிக்குட்டியை மறந்துவிட்டாள். என் மடியில் இருந்தபடியே திரும்பி, என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இருந்தாங்களா பா?"