மண்மேடு இல்லாத பள்ளங்கள்

என் கால் படாத ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்தின் தரையை, திருவிடந்தையில் ஒரு வாடகை வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பழைய பாதரசச் சுரங்கம் இருக்கிறது. மூடிவிட்டுப் போனவர்கள் குழிகளை வாயைப் பிளந்தபடியே விட்டுப் போய்விட்டார்கள். யாரும் தவறி விழக்கூடாது என்று இப்போது இயந்திரம் வைத்து எல்லாவற்றையும் நிரப்பப் போகிறார்கள். விமானத்திலிருந்து எடுத்த தரை அளவீட்டைப் பார்த்து, நிரப்ப வேண்டிய குழி எது என்று குறித்துக் கொடுப்பது நாவலூரில் உள்ள எங்கள் அலுவலகத்தின் வேலை. மண்ணியல் படித்தவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

வீட்டில் நான் மட்டும்தான். என் கணவர் போன வெயில் காலத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிற வேலை அவருக்கு. சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "இன்னா சொல்லுது உன் கல்லு?" என்பார். "உங்களவிட அறிவா கீதுன்னு சொல்லுது" என்பேன். இப்போது கேஸ் சிலிண்டர் வரும் நாளில்தான் நான் வாய் திறந்து பேசுகிறேன்.

அதனால் அந்தப் பாலைவனத்தைத் தேவைக்கு மேலாகவே படித்தேன். அங்கே பாறைகள் இளசு. எரிமலைச் சூட்டில் கொதித்த நீர் வெடிப்புகள் வழியாக மேலே ஏறி, தரையை நெருங்கி ஆறும்போது, பாதரசமும் கந்தகமும் சேர்ந்து சிவப்பாகப் படிந்திருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் சாதிலிங்கம் என்பார்களே, அதுதான். எங்கள் மாமல்லபுரக் கரைப் பாறைக்கு இந்தக் கதையெல்லாம் கிடையாது. பூமியின் அடி ஆழத்தில் வெந்து, நீரெல்லாம் வற்றி, கிழடாகி மேலே வந்த கல் இது. இதில் பாதரசத்தைத் தேடினால் உளிதான் மழுங்கும்.

அங்கே அந்தச் சிவப்புக் கல்லை உலையில் வறுத்து, வரும் ஆவியைக் குழாய்களில் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்கள். தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டியிருந்த காலம் அது. அந்தக் குழாய்களுக்குள் படியும் கரியைச் சுரண்டியவர்கள்தான் அதிகம் செத்தார்கள். முதலில் கை நடுங்கும், அப்புறம் பல் ஆடும். விலை இறங்கியதும் முதலாளிகள் போய்விட்டார்கள். உலையின் செங்கல் மட்டும் மிச்சம். ஆளில்லாத அந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மழை தொடங்கிய பிறகு செங்கல்பட்டிலிருந்து கொழுந்தனார் மறுபடி போன் செய்தார். என் கணவரை அடக்கம் செய்தது அங்கே, ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில். எங்கள் பக்கம் புதுக் கல்லறையை உடனே கட்ட மாட்டார்கள். உள்ளே பெட்டி மக்கி உடையும்போது மேலே இருக்கும் மண் இறங்கும். இறங்க இறங்க வீட்டுக்காரர்கள் வந்து மண் போட வேண்டும். இறங்குவது நின்ற பிறகுதான் சிமென்ட்.

"அண்ணி, ரெண்டு மழைக்கே பள்ளமா பூட்ச்சி. கல்லறைத் திருநாள் வருது. நீங்க வந்து மொதல் கூடை போட்டாத்தான் நாங்க போட முடியும்."

"வேலை இருக்கு தம்பி."

"எப்பக் கூப்ட்டாலும் இதத்தான் சொல்றீங்க. பாக்கறவன், யாருமில்லாத கல்லறைன்னு நெனச்சிக்குவான் அண்ணி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வைத்துவிட்டேன். மண் ஏன் இறங்குகிறது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. அது தெரிந்ததால்தான் போக முடியவில்லை. அவர் விடவில்லை, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஆள் நீளத்துக்கு, நடுவில் குழிந்து, மழைநீர் தேங்கிய பள்ளம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணினிக்குத் திரும்பினேன்.

அன்று உலைக்குக் கீழ்ப்புறம் ஒரு சரளைத் தரை வந்தது. மென்பொருள் அதில் வரிசை வரிசையாகச் சின்னப் பள்ளங்களைக் கண்டுபிடித்து, 'சோதனைக் குழி' என்று சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தது. சரி என்று ஒரு தட்டு தட்டினால் எல்லாம் நிரப்புகிற கணக்கில் போய்விடும். கை போனது, நின்றுவிட்டது. தாது ஓடும் வெடிப்பு அந்தப் பக்கமே இல்லை. வெறும் சரளையில் பாதரசத்துக்கு யார் குழி தோண்டுவான்? அதுவும் எல்லாம் ஒரே திசை பார்த்து. பிறகுதான் கவனித்தேன். சோதனைக் குழி என்றால் தோண்டிய மண் ஓரத்தில் குவிந்து கிடக்கும். இங்கே எந்தப் பள்ளத்துக்கும் பக்கத்தில் மண்மேடு இல்லை. தோண்டிய மண்ணையெல்லாம் திரும்ப உள்ளேயே போட்டிருக்கிறார்கள்.

போனை நிமிர்த்தி அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அதே வடிவம்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவரை அழைத்தேன். "மேடம், சாஃப்ட்வேரே குழின்னு காட்டுது. அக்செப்ட் பண்ணிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போங்க, டெட்லைன் இருக்கு" என்றார்.

"அது கல்லறை சார். மண்ணு இறங்கின கல்லறை."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு."

அவர் எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அந்த வார முடிவில் பதில் வந்தது. ஆள் போய்ப் பார்த்ததில் மக்கிய மரத் துண்டுகள் இருந்தனவாம். அந்த இடத்தில் இயந்திரம் போகாது, வேலி போடுகிறோம், நன்றி என்று இருந்தது. கொண்டாட்டமாக எதுவும் தோன்றவில்லை. கரி சுரண்டியவர்களாகத்தான் இருக்கும். அத்தனை காலத்தில் ஒரு கூடை மண்ணோடு ஒருவரும் வந்ததில்லை. வந்திருந்தால் எனக்கு அந்தப் பள்ளங்கள் தெரிந்தே இருக்காது. கொழுந்தனார் சொன்னது அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. சமையலறையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

வருகிறேன் என்று கொழுந்தனாருக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். கல்லறைத் தோட்டத்தில் அவர் தள்ளுவண்டியில் செம்மண்ணும் மண்வெட்டியுமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடையை நிரப்பிக் கொடுத்தார். அடக்கத்தன்று ஒரு பிடி மண் போடவே மற்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த முறை கூடை கூடையாக நானே கொட்டினேன். உள்ளங்கையால் தட்டித் தட்டி மேடாக்கினேன். "உங்க மண்ணு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்று உள்ளே இருப்பவரிடம் மெல்லச் சொன்னேன்.

"இன்னொரு மழை பாத்துட்டு சிமென்ட் போட்டுர்லாம் அண்ணி. அப்புறம் நீங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து அலைய வேணாம்" என்றார் கொழுந்தனார்.

"இப்ப கட்ட வேணாம் தம்பி" என்றேன். "இறங்கட்டும். நான் வந்து போடறேன்."