மலைக்கு முதுகு கொடுத்த வீடு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வத்தலக்குண்டு சந்தையில் மூட்டை தூக்கித்தான் ஆரம்பித்தேன். இன்றைக்குப் பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடி வரை எந்தத் தோட்டக்காரரிடம் கேட்டாலும் சொல்வார், ஈர மிளகை என் தலையில் கட்டியவர் ஒருவரும் இல்லை என்று. ஒரு கை அள்ளிக் குலுக்கினால் போதும், காய்ந்ததா காயாததா என்று சத்தமே சொல்லிவிடும். காப்பிக்கொட்டை என்றால் கடித்துப் பார்ப்பேன். ஈரம் பார்க்க மெஷின் வைத்திருக்கிற வியாபாரிகளும் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். அந்த வீட்டையும் நான் இப்படித்தான் பார்த்து வாங்கினேன்.

என் மனைவி முப்பது வருடம் குடோனுக்கு மேலே இரண்டு அறையில் குடித்தனம் நடத்தியவள். மிளகுத் தூசியில் அவளுக்கு இருமல் நின்றதே இல்லை. நகை கேட்டதில்லை, துணி கேட்டதில்லை. "கதவத் தெறந்தா சொந்த மண்ணுல கால் வைக்கணும்" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். அதை நான் செய்து கொடுக்கவில்லை என்றால் சம்பாதித்ததெல்லாம் எதற்கு?

பெருமாள்மலைக்கு மேலே ஒரு சரிவில் அப்படி ஒரு வீடு விலைக்கு வந்தது. ஒரு கொத்தனார் தன் கையாலேயே கட்டியது. வாரம் முழுக்க மற்றவர்களுக்குப் பங்களா கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கென்று கல் கல்லாகச் சேர்த்துப் பன்னிரண்டு வருடத்தில் முடித்திருந்தார். வயதான பிறகு குளிர் தாங்கவில்லை. திருப்பூரில் மகனோடு போய் இருக்கலாம் என்று விற்றார்.

வீட்டுக்குப் பிளான் இல்லை, இன்ஜினியர் கையெழுத்து இல்லை. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாத வீட்டுக்கு யார் பொறுப்பேற்பது என்று பேங்கில் கடனுக்குக் கைவிரித்துவிட்டார்கள். கையில் காசு இருந்ததால் எனக்கு அவர்கள் தயவு தேவைப்படவில்லை. திண்டுக்கல்லில் காலேஜ் வாத்தியாராக இருக்கும் என் மகள்தான் போனில் விடாமல் சொன்னாள்.

"அத்தா, ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வாங்குங்க."

"நா பாக்காததயா அவன் வந்து பாக்கப்போறான்?"

"மிளகும் வீடும் ஒண்ணா, அத்தா?"

"எல்லாம் சரக்குதான்" என்றேன்.

காலையில் வெள்ளனே போய் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தேன். கல் போல இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் விரலால் தள்ளினால் நகர்ந்தன. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பிறகுதான் சமையலறைக்குப் பின்னால் போனேன். மலையை வெட்டிய இடத்தில், மண் சரியாமல் இருக்க ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தாங்குசுவர் கட்டியிருந்தார். அதில் வரிசையாகக் குழாய்த் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டியது. சுவரெல்லாம் பாசி.

"என்ன கொத்தனாரே, சுவரு இப்பிடி ஒழுகிக்கிட்டுக் கெடக்கு?"

"அது ஒழுகணும் பாய். மலைக்குள்ள இருக்கிற தண்ணி அது வழியாத்தான் வெளிய வரும்."

"ஈரம் பட்ட எதையும் நா வாங்குனது இல்ல. ஓட்டைய அடச்சுப் பூசிக் குடுங்க. இல்லன்னா சோலியப் பாத்துக்கிட்டுப் போயிருவேன்."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் அவர் சம்சாரம் மூட்டை முடிச்செல்லாம் கட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். "வேணாம் பாய்" என்று மெதுவாக இரண்டு தடவை சொன்னார். நான் ஜீப்பை நோக்கி நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து "அடச்சுத் தர்றேன்" என்று குரல் வந்தது.

முதல் வருடம் மழை குறைவு. சுவர் காய்ந்து, வெள்ளையடித்து அழகாக இருந்தது. மனைவிக்கு இருமல் குறைந்தது. வாசலில் பட்டர் பீன்ஸ் போட்டாள். வந்தவர்களிடமெல்லாம், பேங்க்காரனுக்குப் புரியாத வீடு எனக்குப் புரிந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் காலையில் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, பின்கதவு முழுசாத் தெறக்க மாட்டேங்குது."

வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. பாதி திறந்ததும் எதிலோ இடித்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். தாங்குசுவர்தான். வயிறு தள்ளி, சமையலறைப் பக்கம் சாய்ந்து நின்றது.

கொத்தனாருக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க. நா வர்றேன்" என்றார். பஸ் பிடித்து மாறி மாறி மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். அதற்குள் மகளும் திண்டுக்கல்லிலிருந்து வந்துவிட்டாள். மழையில் மூன்று பேரும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தோம்.

அவர் சுவரின் ஓரமாக நின்று, நீளக் கம்பியால் அடைத்த ஓட்டை ஒன்றைக் குத்தித் திறந்தார். சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி எதிரே சமையலறைச் சுவரில் அடித்தது. இரண்டாவது, மூன்றாவது. திறக்க முடிந்ததையெல்லாம் திறந்துவிட்டு, முட்டி வரை சேறோடு எங்களிடம் வந்தார். தண்ணீர் பாய்கிற சத்தம் ரோடு வரை கேட்டது.

"நிக்குமா, கொத்தனாரே?" என்றேன்.

"நாங் கட்டுனது எனக்குத் தெரியும் பாய். இப்ப உள்ள மண்ணு எம்புட்டு நகந்திருக்குன்னு தெரியாது. நிக்கும்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

மகள் அவர்மேல் பாய்ந்தாள். "தண்ணி போற ஓட்டைய அடச்சு வித்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு கொத்தனாரா? எங்கத்தா படிக்காதவருன்னு ஏமாத்திட்டீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அவரும் பேசாமலேயே போயிருப்பார். வியாபாரத்தில் எத்தனையோ இடத்தில் பேசாமல் இருந்து ஜெயித்தவன் நான். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாம்மா அடைக்கச் சொன்னேன்" என்றேன். "அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு."

மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணே, வெள்ளனே கெளம்புனது. சாப்பிட்டீங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

மழை விட்டதும் மகள் ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தாள். தாங்குசுவரைப் பிரித்துத் தள்ளிக் கட்ட வேண்டும், அதற்கு இடம் விட சமையலறையை இடிக்க வேண்டும் என்றார். முன்னறைகள் பாறைமேல் நிற்கின்றன, குடியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்கு உத்தரவாதம் என்று எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். அதை நான் நின்றபடியே கேட்டுக்கொண்டேன்.

சமையலறையைக் கொத்தனாரே இடித்தார். வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்றார். பன்னிரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அது எத்தனை ஞாயிறோ, தெரியவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து அடுக்கினார்.

இடித்து முடித்த கடைசி நாள் அவரும் என் மனைவியும் முன்னறையில் நின்று அடுப்பை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் வேண்டும் என்றாள் அவள். அந்தச் சுவரில் பாரம் ஏற்ற வேண்டாம், இந்த மூலையில் வையுங்கள் என்றார் அவர். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அவர் சொன்ன மூலையிலேயே அடுப்பு வைத்தாள்.