பாதியில் நின்ற படிவங்கள்

கல்லூரிக் கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தேன். முகப்பில் சுழலும் பூமி, அதைச் சுற்றி ஒரு குட்டிச் செயற்கைக்கோள், கீழே ஏவும் நாளை எண்ணியபடி ஓடும் கடிகாரம். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி மாணவர்களோடு சேர்த்து, கையில் அடங்குகிற ஒரு செயற்கைக்கோளைச் செய்ய வைக்கிற திட்டம் அது. அதன் இணையதளத்தை மூன்று வருடம் முன்பு உருவாக்கியவள் நான். இப்போது புதுப்பிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு உட்கார்ந்து பேச வராது. மார்க்கரின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றபடியே பேசினேன்.

"பார்த்தா ஓசூர்ல செஞ்சதுன்னு யாரும் சொல்லக் கூடாது சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் தலையாட்டினார். நல்ல மனிதர், பொறுமைசாலி. எனக்கு நேர் எதிர். "அரசுப் பள்ளிக்குன்னு தனியா பத்து இடம் வெச்சிருக்கோமே, அந்தப் பக்கத்த எடுத்துடலாம்மா" என்றார். "ரெண்டு வருஷமா பாக்கறேன், நாலு பேருக்கு மேல விண்ணப்பிக்க மாட்டேங்கறாங்க. ஆர்வம் இல்ல. மீதி இடத்த மத்த பிள்ளைங்களுக்குக் குடுத்துடறேன். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத் தேர்வானவங்க பட்டியல ஏத்திடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. பலகையில் அரசுப் பள்ளிப் பக்கத்துக்கான கட்டத்தை என் கையாலேயே அழித்தேன்.

டீ வந்தது. எல்லோரும் குடிக்கிற நேரத்தில் எனக்குக் கை சும்மா இருக்காது. மடிக்கணினியைத் திறந்து, எந்தப் பக்கத்தில் ஆட்கள் அதிகம் நிற்கிறார்கள் என்று பார்க்கலாமென்று தளத்தின் உள்பக்கம் போனேன். பாதியில் நின்ற படிவங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அப்படி ஒன்று சேர்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. இருபதுக்கும் மேல் இருந்தன. எல்லாம் அரசுப் பள்ளிகள், எல்லாம் பகல் நேரம், பள்ளிக் கணினியிலிருந்து, எல்லாம் ஒரே இடத்தில் நின்றிருந்தன. பெற்றோரின் போனுக்குப் போகிற ஓடிபியைக் கேட்கிற இடம்.

அந்த ஓடிபி என் யோசனை. சின்னப் பிள்ளைகள், பெற்றோர் சம்மதம் வேண்டும், கையெழுத்துக் காகிதமெல்லாம் பழைய காலம் என்று போன வருடத்துக்கு முந்தைய வருடம் நான்தான் சேர்த்தேன். என் மேசையில் உட்கார்ந்து என் போனிலேயே சோதித்தேன். மூன்று நொடியில் வந்தது. பத்து நிமிடத்தில் போடாவிட்டால் பிள்ளையின் திரையில் படிவம் முழுக்க அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து ஒரே பிள்ளை ஏழு முறை முயன்றிருந்தாள். ஏன் சேர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு முதல் முறை பெரிதாக எழுதியிருந்தாள். ஊரைச் சுற்றி ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில்கள், எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கூரை. வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் மாதிரியே மின்னும். மேலிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்கு எது ஏரி, எது குடில் என்று எப்படித் தெரியும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று. இரண்டாம் முறை ரோஜா இல்லை. நாலாம் முறை இரண்டே வரி. ஏழாம் முறை "ஆர்வம் உள்ளது" என்று மட்டும் இருந்தது.

தாய், தொழில் என்ற இடத்தில் கம்பெனி வேலை என்று போட்டிருந்தாள். எந்தக் கம்பெனி என்று படிவம் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையுமில்லை. இங்கே பாதிக் கம்பெனிகளில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிட்டு டோக்கன் கொடுப்பார்கள், ஷிப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணினி படிப்பதற்கு முன் மூன்று வருடம் நானும் அசெம்ப்ளி லைனில் நின்றவள். என் டோக்கன் எண் இன்னும் நினைவிருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். திரையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது நீங்க செஞ்சதுதானே?"

"நான்தான் சார். ஆர்வமெல்லாம் இருந்திருக்கு. நான்தான் வழிய அடைச்சிருக்கேன்."

"ஆறு மணிக்குள்ள பெத்தவங்க சம்மதம் வந்தா சேத்துக்கலாம்" என்றார். "அதுக்கு மேல என்னால முடியாதும்மா. மத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

பத்து நிமிடக் கெடுவை எடுத்துவிட்டு, போனோடு வராந்தாவுக்குப் போனேன். முதலில் அந்தத் தாயின் எண். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது, நின்றது. அடுத்த எண். அடுத்தது. ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போட்டேன். கேட்டில் வாங்கிய போன்களை வைக்கிற அந்த மர அடுக்கு எனக்குத் தெரியும். ஒரு போன் அதிர்ந்தால் பக்கத்து அறைப் போனும் சேர்ந்து நடுங்கும். செக்யூரிட்டி அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பள்ளிக்குப் போட்டேன். பிள்ளையிடம் சொல்கிறோம் என்றார்கள். ஆனால் சம்மதம் தாயுடையது, போனும் தாயுடையது.

அன்று பகல் முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கட்டம் வரைவேன், வராந்தாவுக்குப் போவேன், மணி பார்ப்பேன். சுழலும் பூமியைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. போன வருடப் பிள்ளைகளின் பாதிப் படிவங்கள் எப்போதோ அழிந்துவிட்டன. அவர்களில் யார் எத்தனை முறை முயன்றார்களோ, இனி தெரியப் போவதில்லை. ஜெனரல் ஷிப்ட் ஐந்தரைக்குத்தான் முடியும். சோதனை முடிந்து, வரிசையில் நின்று, டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்க ஐந்தே முக்கால் ஆகும். எனக்கா தெரியாது.

ஐந்து நாற்பத்தெட்டுக்குப் போன் அடித்தது.

"யாருங்க இது? நாலு மிஸ்டு கால் இருக்குது. உள்ள இருந்தேன்." ஏழு முறை முயன்ற பிள்ளையின் தாய். பின்னால் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல். யாரோ தெலுங்கில் சீட் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு விடாமல் சொன்னேன்.

"அது முடிஞ்சிபோச்சுன்னு பாப்பா சொல்லிச்சுங்களே. நாந்தான் எடுக்கலன்னு ரெண்டு நாளா எங்கிட்ட பேசல."

"முடியலக்கா. தப்பு எங்க மேல. இல்ல, என் மேல. இப்ப ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க."

ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பஸ் இரைச்சலில் ஒன்று கேட்கவில்லை, திரும்பக் கேட்டேன். காரணம் எழுதுகிற கட்டத்தில் ஏழாவது பதிலை எடுத்துவிட்டு முதல் பதிலை வைத்தேன், ரோஜாவோடு. பிறகு அழுத்தினேன்.

"போச்சுங்களா?"

"போயிடுச்சுக்கா."

அவர் பஸ்ஸில் யாரிடமோ அதைத் தெலுங்கில் சொன்னது கேட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை. அவர் பேசும்போதே இரண்டு அழைப்புகள் காத்திருந்தன. வைத்ததும் இன்னொன்று. அதை முடிப்பதற்குள் அடுத்தது.

ஆறு ஐந்துக்குப் பேராசிரியர் கதவருகில் வந்து நின்றார். "பட்டியல் ஏறிடுச்சாம்மா?"

போனை ஒரு கையால் பொத்திக்கொண்டேன். "ஏத்தல சார். இப்பதான் இவங்க கைக்கு போன் வந்திருக்கு."