தனமக்கா பார்க்காமல் போன மரம்

போர்ட் கிள்ளானுக்குப் போகும் காலை ரயிலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ‘தனமக்கா தவறிட்டாங்க’ என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். நான் இறங்குவதற்குள் அதன் கீழே நாற்பது கைகூப்பும் படங்கள். அவற்றில் ஒன்று என்னுடையது.

தனலெட்சுமி என்ற தனமக்கா, துறைமுக லோரிகளுக்கு நேரம் ஒதுக்கும் நம் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். பதினான்கு வருடம் நான் அவருக்குப் பக்கத்து மேசை. எந்த லோரி எந்தக் கப்பலுக்கு என்று தாளைப் பார்க்காமலே சொல்வார். உங்களில் பலருக்கு அவரை அதற்காகத்தான் தெரியும். காட்டுக்குப் போக அவர் திட்டம் போட்டுக்கொண்டே இருந்ததும் தெரியும். அது உங்களுக்குச் சிரிப்பு.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய அப்பா பகாங் காடுகளில் மரக்கட்டை லோரி ஓட்டியவர். துவாலாங் என்ற ராட்சத மரத்தை மட்டும் அங்கே வெட்டமாட்டார்களாம். உச்சிக் கிளைகளில் தேன்கூடுகள் தொங்கும் என்பதால் விட்டுவிடுவார்களாம். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அக்கா சொன்னார்: “சின்ன வயசுல நான் பாத்ததெல்லாம் படுத்துக் கெடந்த மரம்லா, கோமதி. நிக்கிறது ஒன்ன கிட்ட போய்ப் பாக்கணும். அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்கணும்.”

முதல் தடவை ஐந்து பேர் போவதாக முடிவாயிற்று. வேன், படகு, காட்டுப் பூங்காவின் வாசலில் அறைகள் எல்லாவற்றையும் அவரே பேசி முடித்தார். அட்டைப்பூச்சி கடித்தால் என்ன செய்வது என்றுகூட எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் இருக்கையில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். என் சாக்கு, மகளுக்குப் பரீட்சை. பரீட்சை அதற்கு அடுத்த வாரம்தான். அட்டைக்குப் பயந்துதான் நான் போகவில்லை. அதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை, கப்பல்கள் ஒன்றாக வந்து குவிந்துவிட்டன என்று மேலாளர் அவருடைய லீவை ரத்து செய்தார். “நீங்க இல்லாம முடியாதுக்கா” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து நாம் கைதட்டினோம்.

பிறகு ஒருநாள், “நான் மட்டும் போறேன். ரூம் போட்டாச்சு” என்றார். அன்று நமக்குத்தான் எவ்வளவு அக்கறை! “இந்த வயசுல தனியா எதுக்குக்கா? காட்டுல வழுக்கி விழுந்தா யாரு பாப்பாங்க?” ஐம்பத்தாறு வயதுப் பெண்ணைக் குழந்தையைப்போல் மிரட்டினோம். அவர் தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்தார். அதற்குள் வயிற்றுவலி வந்தது. மருத்துவர்கள் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது.

இறுதிச் சடங்கு முடிந்து வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா நினைவாக எல்லாரும் அந்தக் காட்டுக்குப் போகலாம் என்று நம்மில் ஒருவர் ஆரம்பித்தார். “அக்கா போட்டோ போட்டு டீ-ஷர்ட் அடிச்சிடலாம். பாஸ்கிட்ட கேட்டா பஸ்ஸே குடுப்பாரு லா.” ஐந்தே நிமிடத்தில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். உயிரோடு இருந்தவருக்குத் துணையாக ஒருவர் கிடைக்கவில்லை. என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றேன். கோமதிக்குத் திமிர் என்று பேசிக்கொள்கிறீர்களாம். பேசுங்கள்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, மருத்துவமனையில். “நல்லானதும் போலாம்க்கா. இந்தத் தடவ நானும் வரேன்” என்றேன்.

“சும்மா சொல்லாத லா. அந்த ரூம் இன்னும் என் பேருலதான் இருக்கு. கேன்சல் பண்ணிடு. போறவங்க யாராச்சும் போகட்டும்.”

வராந்தாவுக்கு வந்து பூங்கா விடுதிக்கு ஃபோன் செய்தேன். எடுத்த மலாய்க்காரர், வேறு தேதிக்கு மாற்றட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். திரும்பிப்போய்ச் சொன்னதும், அக்கா “நன்றி” என்றார். பதினான்கு வருடத்தில் அவர் என்னிடம் அந்நியரிடம் பேசுவதுபோல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய சிரிப்பையும் சுறுசுறுப்பையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியது அந்த நன்றி.