என் பட்டத்தின் முதல் சம்பாத்தியம்

காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜெஃப்ரி தன் அறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் இது அசல் இல்லை என்று தணிந்த குரலில் சொல்வார். நாற்காலி, திரைச்சீலை, மனைவியின் படம் எல்லாம் அவர் வீட்டிலிருந்து மகள் கொண்டுவந்து வைத்தவை. அத்தனையும் நகல் என்கிறார். வட இங்கிலாந்தின் சிறு நகரமொன்றில், மூளையில் அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் வைத்துப் பார்க்கும் இல்லம் இது. நான் இங்கே கேரர், அதாவது குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுகிறவள். ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கையில், நீ அந்த இன்னொரு வீட்டிலிருந்துதானே வருகிறாய் என்று கேட்டார். ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஆமாம், ரொம்பத் தூரம் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் அங்கே என் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்?" இந்த நகலுக்கு அசலான வீட்டைத்தான் அவர் கேட்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. டீ கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இந்தக் கோளாறுக்கு ஒரு பெயர் உண்டு. மூளையின் வலப்பக்கத்தில் எது கெட்டால் இப்படித் தோன்றும் என்று கல்லூரியில் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நியூரோசயன்ஸில் மூன்று வருடப் பட்டம். காரைக்குடியில் எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், மூளைக்கு என்றைக்கும் மார்க்கெட் இறங்காது என்று தங்கம் விற்பவர் மாதிரி அப்பச்சியிடம் சொன்னார். (எங்களில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம்.) மூளைக்கு மார்க்கெட் இருக்கிறதோ என்னவோ, வெறும் இளநிலைப் பட்டத்துக்கு இல்லை. ஆய்வுக்கூடங்களில் முதுநிலை கேட்கிறார்கள், அல்லது முனைவர் பட்டம். முதுநிலை படிப்பதென்றால் வாங்கிய கடன் அளவுக்கு இன்னொரு கடன். மணிக் கணக்கில் தரும் கூலியில் அறை வாடகையும் பஸ்ஸும் சாப்பாடும் போக மிஞ்சுவதை ரூபாயாக்கினால், வங்கித் தவணைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். பிள்ளையை அனுப்ப யோசித்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள், படிப்பின் பெயரைக் கேட்டு மயங்காமல், அந்தப் படிப்போடு நிறுத்தியவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை.

விசாரிக்கத் தெரியாத குடும்பமில்லை எங்களுடையது. பள்ளத்தூரிலிருந்து கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, போனவர்களின் வம்சம். அவர்கள் கடல் கடந்து வட்டிக்குக் கொடுத்தார்கள், நான் வட்டிக்கு வாங்கிக்கொண்டு கடல் கடந்தேன். காரைக்குடியில் அப்பச்சி சொந்தமாகக் கட்டியிருந்த சின்ன வீடு வங்கியில் அடமானம். தவணை தொடங்கியதும் அப்பச்சியும் ஆத்தாவும் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, பள்ளத்தூரில் பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான பெரிய வீட்டில், எங்கள் பங்குக்கு வந்த இரண்டு அறைகளில் போய் இருந்துகொண்டார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் மட்டுமே திறக்கிற வீடு. மற்ற அறைகளின் பூட்டுச் சாவிகள் சென்னையிலும் மலேசியாவிலும் யார் யாரிடமோ இருக்கின்றன. வீடியோவில் பேசும்போது அவர்கள் முகத்துக்குப் பின்னால் வரிசையாகப் பூட்டிய கதவுகள் தெரியும். பூட்டிய அறைக்குள் யாரோ பெட்டியை நகர்த்துவது போலச் சத்தம் கேட்பதாக ஆத்தா சொல்வாள். மரம் வெயிலுக்கு விரிவதுதான் என்று அப்பச்சி சொல்வார். ஆத்தா அதை நம்பவில்லை, ஆனால் தலையாட்டிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பச்சி கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு தெளிச்சியைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்கள் வந்து பட்டாலையை, அதுதான் எங்கள் வீட்டு முன்கூடத்தை, வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். என்னமாய் லைட் போட்டிருக்கிறார்கள் பார் என்று போனைத் திருப்பினார். பகலை விடப் பெரிய பகலாக இருந்தது. சுவரில் எங்கள் முன்னோர் படங்கள் இல்லை, யாரென்றே தெரியாத கிழவர்களும் ஆச்சிகளும் வரிசையாக மாட்டப்பட்டிருந்தார்கள். கடைசியில் நான் இருந்தேன். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் சிரிக்கிற பட்டமளிப்புப் படம். படக் கண்ணாடியில் என் நெற்றிக்கு நேரே சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மாலை போட்டிருந்தார்கள்.

"அப்பச்சி, எனக்கு ஏன் மாலை போட்டிருக்கீக?"

அவர் போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கதையில செத்துப்போன மூத்த மக ஒருத்தி வாராளாம். படிச்ச பிள்ளை படமா வேணுமுன்னாக. நம்ம அறையில தொங்குனதைப் பாத்துட்டுக் கேட்டாக. சும்மா இல்லைத்தா, மாசாமாசம் வாடகை. உன் தவணையில துண்டு விழுந்தது சரியாப் போச்சு."

பேரம் பேசித்தான் வாங்கியிருக்கிறார். முதலில் சொன்ன தொகைக்கு, மகள் லண்டனில் படித்த பிள்ளை, படத்தில் இருப்பது நிஜ அங்கி என்று சொல்லி ஏற்றினாராம். நான் லண்டனில் படிக்கவில்லை. ஆத்தா அன்று காரைக்குடிச் சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து சுவரைப் பார்த்தவள் பையை அப்படியே போட்டுவிட்டு, அறையில் இருந்த என் சின்ன வயதுப் படத்தை எடுத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாளாம். இரண்டு நாள் அப்பச்சியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் வங்கியிலிருந்து வழக்கமாக வரும் நினைவூட்டல் வரவில்லை. அதற்குப் பிறகு பேசினாள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானைக்கு இரண்டு விலையும் ஒன்று. எனக்கு அப்படியில்லை, செத்தவளுக்குத்தான் கிராக்கி. மூன்று வருடம் படித்து வாங்கிய அந்தப் பட்டம் சம்பாதித்த முதல் காசு இதுதான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தொடரை நானும் போனில் தேடிப் பார்த்தேன். இல்லத்தின் ஓய்வறையில், சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் எங்கள் பட்டாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு, "நித்யா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறுகிறாள். கதையில் என் பெயர் அது. கேமரா மெல்ல மெல்ல என் முகத்துக்கு வருகிறது. நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் கரென் தோள் வழியாக எட்டிப் பார்த்து, இது நீதானே என்றாள். நான்தான், அது எங்கள் வீடு என்றேன். அவள் மாலையைக் காட்டினாள். "பட்டம் வாங்கியதற்காகவா? எவ்வளவு அழகான வழக்கம்! உன் அம்மா ஆனந்தத்தில் அழுகிறார்கள், பார்." ஆமாம் என்றேன். அன்றிலிருந்து, குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் என்னையறியாமல் கை நெற்றியைத் துடைக்கிறது. நெற்றியில் ஒன்றும் இருப்பதில்லை.

கணக்கை எப்படிக் கூட்டினாலும் ஒரே விடைதான் வந்தது. இன்னொரு கடன் வாங்கிப் படிக்க எனக்குத் தைரியமில்லை. இங்கே உழைப்பது இங்கே இருப்பதற்கே சரியாகப் போகிறது. ஊருக்குப் போய்விடலாம், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கலாம், இருக்க இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆத்தா கையால் சாப்பிடலாம். முடிவு செய்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. டிக்கெட் விலை பார்த்து வைத்துக்கொண்டு ஆத்தாவைக் கூப்பிட்டேன். வந்துவிடுகிறேன் என்றதும் அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கத்தான் செய்தது. ஆனால் அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"இப்ப வராத தேனு. உசுரோட இருக்கவ, மாலை போட்ட தன் படத்துக்குக் கீழ நடந்து வீட்டுக்குள்ள வரப்படாது. அது செவத்துல இருக்க மட்டும் நீ வாசப்படி ஏறாத. அது எறங்கட்டும், அப்புறம் வா."

எப்போது இறக்குவார்கள் என்று கேட்டேன். பக்கத்திலிருந்து அப்பச்சியின் குரல் வந்தது. "சீரியலு நல்லா ஓடுதாம்த்தா. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கொறையாதுங்கிறாக." மகிழ்ச்சியை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

அதற்குள் யாரோ படப்பிடிப்பு ஆள் வந்து அவர்களை உள்ளே போகச் சொன்னான். அறைக்குப் போக ஆத்தா பட்டாலையைக் கடந்தாக வேண்டும். சுவரில் இருப்பது என் கண்ணில் படாமலிருக்க, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தாள். என் திரை இருண்டது. அந்த இருட்டில் எங்கள் வீட்டுத் தரையில் ஆத்தாவின் காலடி கேட்டது. யாரோ சத்தம் போடாதீர்கள் என்றார்கள். பிறகு, வெகு அருகில், அழுவதற்கு முன் ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.